மிசிசிப்பி மசாலா : நகையினூடே ஒரு நீதி விசாரணை

முன்னுரை

நகைச்சுவையை எளிய பொருளாகக் கருதி ஒதுக்குவது கற்றோரிடையேயும் காணப்படும் வழக்கமாகும். அழுகைச் சுவை மிக்க படைப்பே ஆழமானது என்றும், சிரிக்க வைக்கும் படைப்பு பொழுதுபோக்கிற்கு மட்டுமே உரியது என்றும் நாம் எண்ணிவிடுகின்றோம். ஆயின், எண்வகை மெய்ப்பாடுகளை நிரல்படுத்திய தொல்காப்பியர் நகையையே முதலாவதாக வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என அதற்கு நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். சிரிப்பு எங்கிருந்து பிறக்கின்றது என ஆராயப் புகுந்தால், மனிதர்தம் அறியாமையின் வகைகளையே ஆராய நேரிடுகின்றது என்பதை இவ்வகைப்பாடு நமக்கு உணர்த்துகின்றது.

வேற்றுப் பண்பாட்டினரிடையே மலரும் காதலை நகைச்சுவையோடு கூறும் திரைப்படங்கள் பல உள. அவற்றுள், புலம்பெயர்ந்த இந்தியக் குடும்பம் ஒன்றை நடுவாக வைத்து மீரா நாயர் இயக்கிய ‘மிசிசிப்பி மசாலா’ என்னும் ஆங்கிலப் படம் குறிப்பிடத்தக்கது. 1991ஆம் ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்ட இப்படம், 1992இல் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது. இப்படத்தின் காதலும் நகையும் ஒரே வினாவைச் சுற்றியே சுழல்கின்றன. அநீதிக்கு ஆளான ஒருவன், அதே அநீதியைப் பிறனுக்குத் தான் செய்யும்போது அதனை அறிகின்றானா? இவ்வினாவை மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்குநரும் குழுவினரும்

மீரா நாயர் 1957இல் ஒடிசா மாநிலத்தின் ரூர்கேலாவில் பிறந்தவர். தில்லியிலும் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். மும்பைத் தெருச் சிறுவர்களைப் பற்றிய ‘சலாம் பாம்பே’ என்னும் இவர்தம் படம் 1988இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. அப்படத்தின் திரைக்கதையை எழுதிய சூனி தாராபூர்வாலாவே ‘மிசிசிப்பி மசாலா’வின் திரைக்கதையையும் எழுதினார். வெனிஸ் விழாவில் திரைக்கதைக்கான விருது இதற்குக் கிடைத்தது.

கதைத்தலைவி மீனாவாக நடித்த சரிதா சௌத்ரிக்கு இதுவே முதற் படம். கதைத்தலைவன் டிமீட்ரியஸாக நடித்தவர் டென்சல் வாஷிங்டன். ‘காந்தி’ திரைப்படத்தில் நேருவாக நடித்த ரோஷன் சேத் தந்தை ஜெய்யாகவும், வங்கத் திரையுலகில் சத்யஜித் ராயின் அறிமுகமான சர்மிளா தாகூர் தாய் கின்னுவாகவும் தோன்றுகின்றனர். படத்திற்கு இசை அமைத்தவர் வயலின் மேதை எல். சுப்பிரமணியம். யாழ்ப்பாணத்தில் இளமையைக் கழித்து, 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் குடும்பத்தோடு சென்னைக்குப் பெயர்ந்தவர் அவர். நாடிழந்தோர் கதைக்கு இசை தந்தவரும் ஊரிழந்த துயரை அறிந்தவரே என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இப்படத்திற்குப் பணம் திரட்டிய காலத்து நிகழ்ச்சி ஒன்றை மீரா நாயரே பலகால் கூறியுள்ளார். கதையில் ஒரு வெள்ளையரைத் தலைமைப் பாத்திரமாகச் சேர்க்கலாகாதா எனப் பட நிறுவனத்தார் கேட்டனராம். படத்தில் வரும் உணவு பரிமாறுவோர் அனைவரும் வெள்ளையராகவே இருப்பர் என உறுதி கூறுவதாக அவர் விடையிறுத்தாராம். படத்தின் நகை எத்தகையது என்பதற்கு இவ்விடையே ஒரு சான்று எனலாம்.

வரலாற்றுப் பின்னணி

கதையின் வேர் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ளது. மொம்பாசா துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கரை வரை 1896 முதல் 1901 வரை ஆங்கிலேயர் இருப்புப்பாதை அமைத்தனர். அப்பணிக்காக இந்தியாவிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு சென்றனர். அவருள் ஏறத்தாழ 2,500 பேர் உயிரிழந்தனர். பணி முடிந்தபின் பெரும்பாலோர் தாயகம் திரும்ப, எஞ்சியோர் அங்கேயே தங்கினர். இருப்புப்பாதை திறந்த வழியே குசராத்திய வணிகர் உள்நாட்டிற் பரவினர். கடைகளையும் பருத்தி ஜின்னிங் ஆலைகளையும் சர்க்கரை ஆலைகளையும் நிறுவினர்.

ஆளும் ஆங்கிலேயர் மேல்தட்டிலும், உழைக்கும் ஆப்பிரிக்கர் கீழ்த்தட்டிலும் இருக்க, இந்தியர் இடைத்தட்டில் அமர்த்தப்பட்டனர். உகாண்டா 1962இல் விடுதலை பெற்றது. மக்கள்தொகையில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே இருந்த ஆசியர் கையில் அப்போது வணிகத்தின் பெரும்பகுதி இருந்தது. 1971இல் ஆட்சியைக் கைப்பற்றிய இடி அமீன், 1972 ஆகஸ்டில் ஆசியர் அனைவரும் 90 நாள்களுக்குள் வெளியேற வேண்டும் என அறிவித்தார். இந்துக்கள், இஸ்மாயிலி முஸ்லிம்கள், கோவாக் கிறித்தவர் என 50,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினர். அவருள் 27,000க்கும் மேற்பட்டோரைப் பிரிட்டன் ஏற்றது. வீடும் கடையும் நிலமும் அரசுடைமையாயின.

இவ்வாறு வெளியேற்றப்பட்டவருள் ஒருவர் அரசியல் அறிஞர் மஹ்மூத் மம்தானி. ‘குடிமகனிலிருந்து அகதியாக’ என்னும் பொருள்படும் அவர்தம் நூல் 1973இல் வெளிவந்தது. படத்திற்கான ஆய்வின்பொருட்டு அவரைக் காணச் சென்ற மீரா நாயர் பின்னர் அவரையே மணந்தார். அவ்விருவரின் மகனாகக் கம்பாலாவில் பிறந்த ஜோரான் மம்தானி 2025 நவம்பரில் நியூயார்க் நகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதை நாம் அறிவோம்.

கதை நிகழும் மற்றோரிடம் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிரீன்வுட் நகரம். உலகின் பருத்தித் தலைநகரம் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட ஊர் அது. அப்பருத்தியை விளைவித்தோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொணரப்பட்டோரும் அவர்தம் வழியினருமே ஆவர். 1955இல் எம்மட் டில் என்னும் 14 வயதுக் கறுப்பினச் சிறுவன் வெள்ளையரால் கொல்லப்பட்ட கொடுமை இவ்வூர்ப் பகுதியிலேயே நிகழ்ந்தது. 1966இல் ஸ்டோக்லி கார்மைக்கேல் ‘கறுப்பர் ஆற்றல்’ என்னும் முழக்கத்தை எழுப்பியதும் இவ்வூரிலேதான். கறுப்பரும் வெள்ளையரும் மணம் புரிதலைத் தடுக்கும் சட்டங்கள் செல்லா என அமெரிக்க உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. ஆயினும் மிசிசிப்பி மாநில அரசமைப்பில் அத்தடை விதி 1987 வரை எழுத்தளவில் நீடித்தது. படத்தின் கதை நிகழ்வதாகக் காட்டப்படும் ஆண்டு 1990. ஏட்டிலிருந்து அவ்விதி நீங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன.

கதைச் சுருக்கம்

ஜெய் கம்பாலாவில் பிறந்து வளர்ந்த வழக்கறிஞர். உகாண்டாவையே தம் நாடாகக் கருதியவர். அமீனின் ஆட்சியைக் குறை கூறிப் பேசியமைக்காகச் சிறைப்படுகின்றார். அவரை மீட்பவர் இளமைக்கால நண்பரான ஒகெல்லோ என்னும் கறுப்பின ஆசிரியர். ஆப்பிரிக்கா இனி கறுப்பின ஆப்பிரிக்கருக்கே உரியது எனக் கூறி, நாட்டை விட்டு வெளியேறுமாறு ஒகெல்லோ வற்புறுத்துகின்றார். நண்பர் வாயினின்றே அச்சொல்லைக் கேட்ட ஜெய் உள்ளம் உடைந்து, அவரைத் தழுவி விடைபெறவும் மனமின்றிப் புறப்படுகின்றார். சிறுமி மீனா மட்டும் ஒகெல்லோவைக் கட்டிக்கொள்கின்றாள்.

இங்கிலாந்தில் சில ஆண்டுகள் கழித்தபின் குடும்பம் கிரீன்வுட் சேர்கின்றது. அங்கே நெடுஞ்சாலையோரத் தங்குவிடுதியான மோட்டல் ஒன்றில் உறவினரை அண்டி வாழ்கின்றனர். தாய் கின்னு கறுப்பர் குடியிருப்பில் மதுக்கடை நடத்துகின்றார். 24 வயது மீனா மோட்டல் அறைகளைத் தூய்மை செய்கின்றாள். ஜெய்யோ, பறிபோன வீட்டை மீட்க உகாண்டா அரசிற்கு ஆண்டுக்கணக்காக மனு எழுதிக்கொண்டிருக்கின்றார்.

ஒருநாள் உறவினரின் காரை ஓட்டிச் செல்லும் மீனா, டிமீட்ரியஸ் என்னும் கறுப்பின இளைஞனின் வண்டியில் மோதிவிடுகின்றாள். அவன் வங்கிக் கடன் பெற்று, மோட்டல்களில் கம்பளம் தூய்மை செய்யும் தொழிலைத் தொடங்கியவன். மோதல் அறிமுகமாகி, அறிமுகம் காதலாகின்றது. கடற்கரை நகரான பிலாக்சிக்கு இருவரும் சென்றபோது உறவினர் கண்டுவிடக் கைகலப்பு மூள்கின்றது, காவலர் வருகின்றனர், ஊரெங்கும் செய்தி பரவுகின்றது. டிமீட்ரியஸுக்கு மோட்டல் உரிமையாளர் வேலை தர மறுக்கின்றனர். வங்கி கடனைத் திருப்பிக் கேட்கின்றது. முடிவில் மீனா அவனுடன் ஊரை விட்டுச் செல்கின்றாள். வழக்கின்பொருட்டுக் கம்பாலா செல்லும் ஜெய், தாம் விடைபெறாது பிரிந்த ஒகெல்லோ 1972லேயே கொல்லப்பட்டார் என அறிகின்றார், வழக்கைக் கைவிடுகின்றார்.

நகையின் நால்வகை

இனி, படத்தில் நகை பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் வகுத்த நான்கனுள் அடக்கிக் காண்போம்.

முதலாவது எள்ளல். பிறரை எள்ளுதலும் பிறரால் எள்ளப்படுதலும் இதனுள் அடங்கும். மீனாவின் தாயிடம் பழகும் பெண்கள் மாப்பிள்ளைச் சந்தையின் நிலவரத்தைத் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். பெண் கறுப்பாயிருந்தால் பணம் வேண்டும். பணம் இல்லையாயின் சிவப்பாயிருத்தல் வேண்டும். இரண்டும் இல்லாதவள் ஹாரி பட்டேல் போன்ற மாப்பிள்ளைக்கு ஆசைப்படலாமா என்பது அவர்கள் கணக்கு. திரையரங்கில் சிரிப்பொலி எழும் இடம் இது. ஆயின் அவ்வெள்ளல் நம் வீட்டுத் திண்ணைப் பேச்சையும் தொட்டுவிடுகின்றது. நிறவெறி வெள்ளையரிடம் மட்டும் இல்லை. கறுப்பரைக் காணுமுன்னரே நம் பெண்ணின் நிறத்தை அளந்து விலை வைத்தவர் நாம் என்பதை அக்காட்சி வெளிப்படையாகக் கூறாமலே கூறிவிடுகின்றது.

இரண்டாவது இளமை. தொலைபேசியில் ஒருவரையொருவர் அழைக்கத் தயங்குதல், பழைய காதலிக்குப் பொறாமை உண்டாக்கவேண்டி மீனாவை டிமீட்ரியஸ் நடனத்திற்கு அழைத்தல் போன்றன இவ்வகையின. ஹாரி பட்டேலோடு விடுதிக்கு வந்தவள் டிமீட்ரியஸோடு ஆட, மாப்பிள்ளை தனித்து நிற்கும் காட்சி நம்மைச் சிரிக்க வைக்கின்றது. இவை கள்ளமற்ற நகை. படத்திற்கு ஒளி தருவன.

மூன்றாவது பேதைமை. அறியாமையே இதன் பொருள். கிரீன்வுட் மோட்டலில் இந்தியத் திருமணம் ஒன்று ஆரவாரமாக நடக்கின்றது. அவ்வோசை பொறாத உள்ளூர் வெள்ளையர், இவர்களை இவர்தம் காப்பிடத்திற்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்கின்றனர். காப்பிடம் என்பது அமெரிக்கப் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலம். கொலம்பஸ் தவறாக இட்ட ‘இந்தியர்’ என்னும் பெயர் 500 ஆண்டுகளுக்குப் பின்னும் தன் குழப்பத்தைத் தொடர்கின்றது. பழங்குடியினரும் இந்தியரும் வெவ்வேறு மக்கள் என்பதுகூட அறியாதோர், யார் எங்கே இருக்க வேண்டும் எனத் தீர்ப்புக் கூறுகின்றனர்.

நான்காவது மடன். ஒருவர் சொல்லிக் கொடுத்ததை ஆராயாது பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என உரையாசிரியர் விளக்குவர். பேதைமை அறியாமை; மடனோ அறிய மறுத்தல். பேதைமைக்குக் கல்வி மருந்தாகலாம். மடனுக்குக் கல்வியும் மருந்தாவதில்லை. கற்றறிந்த வழக்கறிஞராகிய ஜெய்யே அதற்குச் சான்று. இனத்தார் இனத்தாரோடுதான் சேர்வர் என்னும் பாடத்தை உகாண்டா அவருக்குப் புகட்டியது. அப்பாடத்தையே அவர் தம் மகளுக்கும் புகட்ட முயல்கின்றார். படத்தின் நகை அனைத்தும் இந்த நான்காம் வகையை நோக்கியே நகர்ந்து, அதனை அடைந்தவுடன் சிரிப்பு நின்றுவிடுகின்றது.

மூன்று உரையாடல்கள்

படத்தின் கருத்தைத் தாங்கி நிற்பவை மூன்று உரையாடல்கள் என்பது நம் கருத்து.

கார் விபத்து நிகழ்ந்தவுடன் மோட்டல் உரிமையாளர் நடுங்குகின்றனர். டிமீட்ரியஸ் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்துவிட்டால் என் செய்வது என்னும் அச்சம் அவர்களை வாட்டுகின்றது. உறவினர் ஒருவர் அவனிடம் சென்று, வெள்ளையர் அல்லாதார் அனைவரும் ஒரே இனம், நாமெல்லாம் ஒன்றுபட்டு நிற்றல் வேண்டும் என உருக்கமாகப் பேசுகின்றார். இது படத்தின் மிகச் சிறந்த நகைக் காட்சி. ஏனெனில், அவர் கூறும் கருத்தில் பிழையில்லை. அதனைக் கூறும் நோக்கமே பிழை. வழக்கைத் தவிர்க்கும் பொருட்டு ஒற்றுமை பேசியவரின் கூட்டம், மகள் காதல் கொண்டவுடன் ஒற்றுமையை மறந்துவிடுகின்றது. வாணிகத்திற்கு உறவாகும் கறுப்பன் வாழ்க்கைக்கு உறவாகலாகாது என்பதே அவர்தம் உள்ளக்கிடக்கை.

இரண்டாவது உரையாடல் டிமீட்ரியஸின் குடும்ப விருந்தில் நிகழ்கின்றது. இந்தியர் எவ்வாறு ஆப்பிரிக்கா சென்றனர் என அவர்கள் வியப்போடு வினவுகின்றனர். இருப்புப்பாதை அமைக்க ஆங்கிலேயர் கொண்டு சென்ற கதையை மீனா கூறுகின்றாள். தான் இந்தியாவைக் கண்டதே இல்லை என்கின்றாள். தாங்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவரே, ஆயினும் ஆப்பிரிக்காவைக் கண்டதில்லை என டிமீட்ரியஸின் தம்பி உடனே ஒப்பிடுகின்றான். ஒரு தரப்பு அடிமைகளாகக் கொணரப்பட்டது. மறுதரப்பு கூலிகளாகவும் வணிகராகவும் சென்றது. இரண்டும் ஒன்றல்ல. எனினும், ஒரே பேரரசுக் காலத்தின் இரு கிளைகள் ஓர் உணவு மேசையில் எளிதாகச் சந்தித்துவிடுகின்றன. முதற் காட்சியில் பொய்யாகப் பேசப்பட்ட உறவு இங்கே எவரும் பேசாமலே மெய்யாகின்றது.

மூன்றாவது, டிமீட்ரியஸும் ஜெய்யும் நேருக்கு நேர் நின்று பேசுவது. தாமும் ஒரு காலத்தில் இவ்வுலகை மாற்றலாம் எனக் கனவு கண்டதாகவும், மகளைப் போராட்டத்தினின்றும் காக்கவே விரும்புவதாகவும் ஜெய் கூறுகின்றார். போராட்டம் பற்றி மிசிசிப்பியில் பிறந்த கறுப்பனுக்கா பாடம் நடத்துகின்றீர் எனும் பொருள்பட டிமீட்ரியஸ் சினக்கின்றான். இந்நாட்டில் கால் வைத்தவுடன் வெள்ளையரைப் போலவே நடக்கத் தொடங்கிவிடுகின்றீர், உம் நிறத்திற்கும் எம் நிறத்திற்கும் வேறுபாடு சிறிதே என்கின்றான். இங்கே நகைக்கு இடமில்லை. எனினும் டிமீட்ரியஸ் அறியாத ஒன்றை நாம் அறிவோம். ஜெய்யின் கண்முன் நிற்பவன் டிமீட்ரியஸ் அல்லன்; 18 ஆண்டுகளுக்கு முன் அவர் உள்ளத்தைப் புண்படுத்திய ஒகெல்லோவே. அன்று ஒகெல்லோ சொன்னதாக அவர் கேட்ட தீர்ப்பை இன்று அவரே வழங்குகின்றார்.

களவும் அலரும் உடன்போக்கும்

இக்கதையை அகப்பொருள் பயின்ற நம் மாணவர் கண்டால், அதன் வளர்ச்சி அவர்க்குப் புதிதாகத் தோன்றாது. எதிர்பாராச் சந்திப்பு, களவு, அலர், காவல் மிகுதல், உடன்போக்கு என்னும் நிரலிலேயே நிகழ்ச்சிகள் அமைகின்றன. பிலாக்சி நிகழ்ச்சிக்குப் பின் ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குத் தொலைபேசி வழியே செய்தி பரவும் காட்சி, அலர் தூற்றலின் இருபதாம் நூற்றாண்டு வடிவம் எனலாம்.

ஆயினும் வேறுபாடு ஒன்றும் உண்டு. அகமரபில் அலர் களவைக் கற்பாக மாற்றும் கருவியாகவும் ஆகும். அறத்தொடு நின்று தோழியும் செவிலியும் உண்மையை வெளிப்படுத்த, மணம் கைகூடும். ‘மிசிசிப்பி மசாலா’வில் அறத்தொடு நிற்பார் எவருமில்லை. தாய் கின்னு மகளின் உள்ளத்தை ஓரளவு உணர்கின்றார்; ஆயினும் ஊரை எதிர்த்துப் பேசும் வலிமை அவருக்கில்லை. எனவே மணம் இன்றியே உடன்போக்கு நிகழ்கின்றது.

மேலைநாட்டு இன்பியல் நாடக மரபிலும் கதை திருமண விழாவில் முடிவதே வழக்கு. இப்படத்திலோ திருமண விழா தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றது. பெரியோர் பார்த்து நடத்திய அத்திருமணத்தில் மணமக்களிடையே உள்ளம் ஒன்றவே இல்லை. உள்ளம் ஒன்றிய காதலருக்கோ விழா இல்லை. இந்த இடமாற்றத்தாலேயே இயக்குநர் தம் தீர்ப்பைக் கூறிவிடுகின்றார். படத்தின் இறுதிப் பெயர்ப் பட்டியலின்போது காதலர் இருவரும் பருத்தி வயலின் நடுவே தோன்றுகின்றனர். ஒருவர் முன்னோர் அடிமைகளாய்ப் பருத்தி பறித்த நிலம் அது. மற்றவர் இனத்தார் உகாண்டாவில் செல்வம் சேர்த்ததும் பருத்தியால்தான். இரு வரலாறுகளையும் பிணைத்த வெண்பஞ்சே அவர்களுக்கு மணப்பந்தலாகின்றது.

தந்தையின் வழக்கு

காதலர் ஊரை விட்டு அகன்றபின்னும் படம் முடியவில்லை. ஜெய்யைப் பின்தொடர்ந்து கம்பாலா செல்கின்றது. காதற் கதையாயின் இப்பகுதி தேவையில்லை. இப்பகுதியே படத்தின் உயிர் என்பது நம் துணிபு.

ஜெய் நீதிமன்றத்தில் கேட்பது வீட்டையும் நிலத்தையும். அவர் உள்ளம் கேட்பதோ வேறு. தாம் அந்நாட்டிற்கு உரியவர் என எவரேனும் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதே அவர்தம் ஏக்கம். பாழடைந்து கிடக்கும் தம் பழைய வீட்டை அவர் காண்கின்றார். ஒகெல்லோவைத் தேடிச் சென்று, அவர் கொல்லப்பட்ட செய்தியை அறிகின்றார். தம்மை விரட்டும் சொல்லாகத் தாம் கேட்டது, தம் உயிரைக் காக்க நண்பர் சொன்ன சொல் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்குகின்றது. 18 ஆண்டுகள் சுமந்த மனக்கசப்பு ஒரு பிழைபட்ட கேள்வியின் மேல் எழுப்பப்பட்டது. அக்கசப்பையே அளவுகோலாகக் கொண்டு அவர் டிமீட்ரியஸை அளந்தார், மகளை இழந்தார்.

இங்கே நாம் ஒன்றைக் கருத வேண்டும். துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. அடிபட்டவன் பிறர் வலியை அறிவான் என நாம் நம்புகின்றோம். இப்படம் அந்நம்பிக்கையை மறுக்கின்றது. அடிபட்டவன் தன் வலியை மட்டுமே அறியக்கூடும். பிறர் வலியைத் தன் வலியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முயற்சியை அவன் மேற்கொண்டாலன்றி அறம் பிறப்பதில்லை. தெருவில் ஆடிப்பாடும் மக்கள் நடுவே, முன்பின் அறியாத கறுப்பினக் குழந்தை ஒன்றைக் கையில் ஏந்தி ஜெய் நிற்கும் காட்சியில் அம்முயற்சி தொடங்குகின்றது. தம் வீடு மனைவி இருக்கும் இடமே எனத் தெளிந்து, வழக்கை அவர் கைவிடுகின்றார்.

குறைகளும் மதிப்பீடும்

இப்படத்தைக் குறை கண்டோரும் உளர். கறுப்பினப் பெண்ணியச் சிந்தனையாளர் பெல் ஹூக்ஸ், அனுராதா திங்வானியுடன் இணைந்து 1992இல் எழுதிய திறனாய்வில், இனச் சிக்கலின் அரசியலைக் காதல் மறைத்துவிடுகின்றது என்னும் நோக்கில் படத்தைக் கடிந்தார். இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. இடைத்தட்டில் இருந்த இந்தியர் பொருளியல் ஆதிக்கம் ஆப்பிரிக்கருக்கு எத்தகைய கசப்பைத் தந்தது என்பது படத்தில் ஓரிரு சொற்களில் மட்டுமே சுட்டப்படுகின்றது. உகாண்டா மக்களுள் ஒகெல்லோ ஒருவருக்கே முகமும் குரலும் உண்டு. அவரும் நண்பரின் பொருட்டு உயிர்நீக்கும் நல்லவராக மட்டுமே அமைகின்றார். காதலர் ஊரை விட்டுச் சென்றபின் எதனால் பிழைப்பர், கடனை எவ்வாறு தீர்ப்பர் என்பனவும் விடையின்றி நிற்கின்றன.

எனினும், படத்தின் தகுதி இக்குறைகளால் பெரிதும் குன்றுவதில்லை. வெள்ளையரை நடுவில் நிறுத்தாது, வெள்ளையர் அல்லாத இரு சமூகங்கள் ஒன்றையொன்று காணும் பார்வையைத் திரையில் வைத்த முன்னோடிப் படைப்பு இது. இங்கிலாந்தில் குடியேறிய பாகிஸ்தானியர் ஒருவரின் கலப்புமணக் குடும்பத்தைக் காட்டிய ‘ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்’ 1999இலும், பஞ்சாபிப் பெண் ஒருத்தி காற்பந்து ஆடும் கதையான ‘பெண்ட் இட் லைக் பெக்காம்’ 2002இலும், பாகிஸ்தானில் பிறந்த நகைச்சுவைக் கலைஞரின் அமெரிக்கக் காதலைக் கூறிய ‘தி பிக் சிக்’ 2017இலும் வந்தன. இவற்றுள் பலவற்றில் குடும்பம் முடிவில் இளையோரை ஏற்றுக்கொள்கின்றது. அரங்கினர் நிறைவோடு எழுகின்றனர். ‘மிசிசிப்பி மசாலா’ அத்தகைய எளிய ஆறுதலைத் தரவில்லை. சமூகம் மாறாமலே நிற்க, ஒரே ஒரு தந்தையின் உள்ளம் மட்டும் சிறிது அசைகின்றது. அதனால் அதன் நகை பின்னையோரின் நகையினும் நெடுநாள் நெஞ்சில் நிற்கின்றது.

படத்தின் பெயரும் எண்ணத்தக்கது. தன்னை ஒரு கலப்பு மசாலா என மீனா கூறிக்கொள்கின்றாள். மசாலாவில் ஒவ்வொரு பொருளும் தன் மணத்தை இழப்பதில்லை. ஆயினும் கலந்தபின் எதனையும் தனியே பிரித்தெடுக்க இயலாது. இந்திய மரபும் ஆப்பிரிக்கப் பிறப்பும் ஆங்கிலேயப் பள்ளியும் அமெரிக்க வாழ்வும் கலந்த பெண்ணிடம், உன் இனத்தாரோடு சேர் என்றால் அவள் எவரோடு சேர்வாள்? தந்தையால் விடையிறுக்க இயலாத வினா இதுவே.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன அறியலாகின்றன. தொல்காப்பியர் வகுத்த நகையின் நான்கு நிலைக்களன்களும் இப்படத்தில் விளங்குகின்றன; அவற்றுள் மடன் என்பதே கதையின் மையமாகின்றது. அகமரபின் நிரலில் காதல் வளர்ந்தாலும், அறத்தொடு நிற்பார் இன்மையால் அது மணமாகாது உடன்போக்காகவே முடிகின்றது. தான் பட்ட அநீதியைப் பிறன் பட்ட அநீதியோடு ஒப்பிட்டு நோக்கும்போதே மனிதன் அறத்தை அடைகின்றான் என்பது படத்தின் உட்பொருளாகின்றது.

இன்று நம் மாணவர் பலர் வளைகுடா நாடுகளுக்கும் மேலைநாடுகளுக்கும் செல்கின்றனர். அங்கே அயலாராகக் கருதப்படும் வேதனையை அவர்களுள் சிலரேனும் நுகர்வர். அவ்வேளை தம் நாட்டில், தம் தெருவில், தாம் எவரை அயலாராக வைத்திருந்தோம் என அவர்கள் ஒருகணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஜெய்க்கு அவ்வெண்ணம் தோன்ற 18 ஆண்டுகளும் ஒரு நண்பரின் உயிரும் தேவைப்பட்டன. நமக்கு அத்துணை விலை வேண்டா. பிறர் நம்மைக் கண்டு நகைக்குமுன் நம் மடனைக் கண்டு நாமே நகைக்கக் கற்பின் அதுவே போதும்.